குளிர்ந்த எஞ்சினும் எண்ணெய்க் கலப்பும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி தாலூகாக்களில் விவசாயம் பெரும்பாலும் வானத்தை நம்பியது. வருஷத்திற்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டராகக் கிடைக்கும் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து தீர்ந்துவிடுகிறது. குண்டாற்றில் வெள்ளம் ஓடுவது சில நாட்களே. மார்கழி பிறந்து மேகம் விலகிய பின்னர், கரிசலில் நிற்கும் பருத்திக்கும் கொத்தமல்லிக்கும் மிளகாய்க்கும் பூமியில் எஞ்சிய ஈரமே ஆதாரம். அவ்வீரம் குறைந்து செடி வாடத் தொடங்கும் வேளையில், கண்மாய்ப் பள்ளத்திலோ கிணற்றிலோ கிடக்கும் ஜலத்தை இறைத்து ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தவருக்கு மகசூல் உண்டு. முடியாதவருக்கு விதை முதலும் திரும்புவதில்லை.

தமிழ்நாட்டில் 1990-ஆம் வருஷம் முதல் விவசாயிகள் அனைவருக்கும் பம்ப்பு செட்டுக்குரிய மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. அதன் பின்னர் மின்சார மோட்டார்கள் பெருகின என்பது உண்மையே. ஆயினும் மின்கம்பி எட்டாத புஞ்சையிலும், இணைப்புக்கு மனுச் செய்து காத்திருப்பவரின் கிணற்றிலும், கண்மாய்க் கரையிலும் எண்ணெய் எஞ்சினே இன்னும் துணை. சங்கங்களிலும் தனியாரிடத்திலும் வாடகைக்கு எடுக்கப்படும் சிறு எஞ்சின் ஒருவர் நிலத்திலிருந்து மற்றொருவர் நிலத்திற்கு முறைப்படி செல்வது. காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய எஞ்சின் ஒன்பது மணி வரை கிளம்பாவிட்டால், அந்த மூன்று மணி நேரம் அவருடைய முறையிலேயே கழிந்துபோகும். எஞ்சினில் பழுது ஒன்றுமில்லை, நேற்று மாலை வரை நன்றாக ஓடிற்று, இன்று விடியலில் மட்டும் மறுக்கிறது என்ற புகார் மார்கழி, தை மாதங்களில் அடிக்கடி எழுவதாகும். இப்புகாருக்குரிய காரணத்தையும், அதற்காகச் செய்யப்படும் தவறான சிகிச்சையையும் அங்கத்தினர்கள் தெரிந்துகொள்ளுதல் அவசியம்.

பனிக்கட்டி உறையும் தேசங்களில் எஞ்சின் குளிரால் மறுப்பது இயல்பு. வெயிலுக்குப் பேர் போன இப்பிரதேசத்தில் குளிர் ஏது என்று கேட்கலாம். மார்கழி விடியலில் இங்கே சுமார் 20 அல்லது 21 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணம் இருக்கும். மனிதருக்கு ஒரு துப்பட்டி போதும். ஆனால் மண்ணெண்ணெயின் கணக்கு வேறு. எந்த எண்ணெயும் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதன் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. பெட்ரோலில் 40 டிகிரிக்கு அருகிலேயே கொதித்து ஆவியாகும் இலேசான அம்சங்கள் உண்டு. ஆகையால் உறைபனியிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியை விடும். மண்ணெண்ணெயோ சுமார் 150 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கத் தொடங்குகிறது. தீப்பற்றும் அளவுக்கு அது ஆவி விடும் உஷ்ணநிலை 35 டிகிரிக்குக் குறையக்கூடாது என்பது இந்நாட்டுத் தர நிர்ணய விதி. அதாவது, மார்கழி விடியலின் 21 டிகிரி மண்ணெண்ணெய்க்குக் கடுங்குளிர். பெட்ரோல் வண்டிக்காரர் பனிமலையில் படும் பாட்டை, மண்ணெண்ணெய் எஞ்சின்காரர் பந்தல்குடியிலும் நரிக்குடியிலும் படுகிறார்.

வீடுகளில் வழங்கிய காற்றடிக்கும் ஸ்டவ் அடுப்பை நினைவுகூர்ந்தால் விஷயம் எளிதில் விளங்கும். அதன் தலையைச் சுற்றியுள்ள சிறு கிண்ணத்தில் முதலில் ஸ்பிரிட்டை ஊற்றி எரித்து, பித்தளைக் குழாய் நன்றாகச் சூடேறிய பின்னரே காற்றடித்து மண்ணெண்ணெயை மேலேற்றுவது வழக்கம். அவசரப்பட்டு முன்னதாகக் காற்றடித்தால் மண்ணெண்ணெய் திரவமாகவே பீறிட்டு மஞ்சள் ஜ்வாலையும் புகையும் எழும். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சினில் பெட்ரோலுக்கு உள்ள வேலை, ஸ்டவ்வில் ஸ்பிரிட்டுக்கு உள்ள வேலையேயாகும். இரும்பு சூடாகும் வரைக்கும் அது தேவை. அதன் பின் அது வீண் செலவு.

இத்தொல்லை எஞ்சினைப் போலவே பழையது. 1892-ஆம் வருஷம் முதல் இங்கிலாந்தில் கிரந்தம் என்னும் ஊரில் ஹார்ன்ஸ்பி கம்பெனியார் செய்து விற்ற எண்ணெய் எஞ்சினில், ஸிலிண்டரின் பின்புறத்தில் ஓர் இரும்புக் குமிழ் இருந்தது. ஒவ்வொரு முறையும் ஊது விளக்கால் அக்குமிழைப் பல நிமிஷங்கள் சுட்டுக் காய்ச்சிய பின்பே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், கிண்டி எஞ்சினீயரிங் கல்லூரி ஆசிரியராகவும் பின்னர் சென்னை ராஜதானியின் கைத்தொழில் டைரக்டராகவும் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், கிணற்று இறைப்புக்கு எண்ணெய் எஞ்சினையும் பம்ப்பையும் பரீட்சித்துப் பரப்பினார். அக்காலத்து எண்ணெய் எஞ்சின்களில் பலவற்றுக்கு இவ்வாறு முதலில் விளக்கால் சூடேற்றுவது அவசியமாயிருந்தது. இக்காலத்துச் சிறு எஞ்சினில் விளக்கு இல்லை. பெட்ரோலும் சோக் என்னும் காற்றடைப்பும் அதன் இடத்தை வகிக்கின்றன.

சோக் செய்வது என்ன? ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிவதற்கு ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். அது ஒரு சிறிய அறையை நிரப்பும் காற்று. காற்று 20 பங்குக்கு வெகுவாக மிஞ்சினால் பொறி பட்டும் பற்றாது. 7 பங்குக்குக் கீழே குறைந்தாலும் பற்றாது. இக்கணக்கு ஆவியைப் பற்றியது என்பதை மறக்கலாகாது. இரும்பு குளிர்ந்திருக்கும்போது, கார்புரேட்டரின் ஊசித்துளையிலிருந்து தெளிக்கும் பெட்ரோலிலும் ஒரு பகுதி மட்டுமே ஆவியாகிறது. மிகுதி துளிகளாகக் குழாய்ச் சுவரில் படிந்து விடுகிறது. ஆதலால் 15-க்கு 1 என்று சரியாக அளந்து கொடுத்தாலும், பொறிக்கு எட்டுவது 40-க்கு 1 போன்ற வறட்சியான கலப்பே. சோக்கை மூடும்போது காற்று வரும் வழி குறுகி, பிஸ்டனின் உறிஞ்சல் முழுவதும் ஊசித்துளையின் மேல் விழுந்து, பெட்ரோல் பன்மடங்கு மிகுதியாக வருகிறது. அதில் ஆவியாகும் சிறு பகுதியே காற்றுக்குப் போதுமானதாகி எஞ்சின் கிளம்புகிறது.

ஆகவே, சோக்கை முழுதும் மூடி இரண்டு மூன்று சுற்று. முதல் வெடிப்புக் கேட்டவுடன் பாதி திறப்பு. ஓட்டம் நிலைத்ததும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்திற்குள், முழுத் திறப்பு. ஏற்கெனவே சூடாயிருக்கும் எஞ்சினை மறுபடி கிளப்பும்போது சோக் வேண்டுவதில்லை. கிளம்பவில்லையே என்று சோக்கை மூடியபடியே இருபது தடவை கயிற்றை இழுப்பவர்கள் ஸ்பார்க் பிளக்கைப் பெட்ரோலில் குளிப்பாட்டுகிறார்கள். அப்போது செய்ய வேண்டியது எண்ணெய்க் குழாயை அடைத்து, சோக்கையும் திராட்டிலையும் முழுதும் திறந்து, பத்துச் சுற்று சுற்றி உள்ளே தேங்கியதை வெளியேற்றுவதே. பிளக்கைக் கழற்றித் துணியால் துடைத்து வெயிலில் காய வைக்கலாம். பெட்ரோல் டப்பா அருகில் இருக்க, பிளக்கைத் தீயில் வாட்டும் பழக்கம் விபரீதத்தில் முடியும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இழுப்பதும் கூடாது. எஞ்சின் எதிர்த்துத் திரும்பும் பட்சத்தில் கயிறு விரலையும் உடன் இழுத்துக்கொள்ளும்.

பெட்ரோலில் சில நிமிஷங்கள் ஓடி, ஸிலிண்டரின் தலைப்புறம் கை வைக்க முடியாத சூடு அடைந்த பின்பே மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். முன்னதாகத் திருப்பினால் புகைபோக்கியில் வெண்புகையும் மண்ணெண்ணெய் வாடையும் தோன்றி ஓட்டம் தடுமாறும். அவ்வாறு தோன்றினால் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பி இன்னும் சிறிது நேரம் பொறுத்தல் நலம்.

ஆனால் காலைப் பிரயாசையில் பாதி முந்திய மாலையின் விளைவு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இறைப்பு முடிந்ததும் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடும்போதே நிறுத்திவிட்டால், கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்திலும் குழாயிலும் மண்ணெண்ணெயே தங்கிவிடுகிறது. மறுநாள் விடியலில் பெட்ரோல் குழாயைத் திறந்தாலும் கிண்ணத்தில் இடமில்லை. எஞ்சின் முதலில் உறிஞ்சுவது நேற்றைய மண்ணெண்ணெயைத்தான். 21 டிகிரியில் அது பற்றாது. நிறுத்துவதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் மண்ணெண்ணெயை அடைத்துப் பெட்ரோலுக்குத் திருப்பி, கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்த நிலையில் நிறுத்தினால் இத்தொல்லை இல்லை. அன்று மறந்தவர் காலையில் கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகால் திருகைத் திறந்து பழைய எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்துவிட்டுத் தொடங்கலாம். கடைசி ஆளாக எஞ்சினை நிறுத்துகிறவர் ஒருவர், காலையில் கிளப்புகிறவர் மற்றொருவர் என்று இருக்கும் வாடகை எஞ்சினில் இவ்வேலை யாருடையது என்ற வழக்கு எழுவது உண்டு. நிறுத்துகிறவருடையது என்று சங்கம் முன்னதாகவே விதித்துவிட்டால் வீண் பேச்சு குறையும்.

இனி, தவறான சிகிச்சை. கார்புரேட்டரில் கலப்பைத் திருத்துவதற்கென ஒரு திருகாணி உண்டு. காலையில் கிளம்பாத எஞ்சினைப் பார்க்க வரும் கைதேர்ந்தவரும் தேராதவரும் முதலில் தொடுவது அதைத்தான். திருகாணியைத் தளர்த்தி எண்ணெயை மிகுதியாக்கினால் காலையில் எஞ்சின் சட்டென்று கிளம்புகிறது. பார்த்தவருக்கு நல்ல பெயரும் கிடைக்கிறது. வேறு சிலர் ஊசித்துளையில் கம்பியை விட்டுக் குடைந்து அகலமாக்கி விடுகிறார்கள். ஒரு முறை அகன்ற துளை மறுபடி குறுகாது. இவ்விரு காரியங்களாலும் நடப்பது ஒன்றே. காலை ஐந்து நிமிஷத்திற்கு வேண்டிய மிகுதி, நாள் முழுவதும் எட்டு மணி நேர ஓட்டத்திலும் நிலைத்துவிடுகிறது. காலைக்கு உரிய கருவி சோக். நாள் ஓட்டத்திற்கு உரியது திருகாணி. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் ஒப்படைத்தால் எண்ணெய்ச் செலவு ஏறுகிறது, புகை கறுக்கிறது, பிளக்கில் கரி படிகிறது. கரி படிந்த பிளக்கில் பொறி சரியாக விழாமையால் சில வாரங்களுக்குப் பின் எஞ்சின் காலையில் மறுபடி மறுக்கிறது. திருகாணி இன்னும் அரைச் சுற்றுத் தளர்த்தப்படுகிறது!

திருகாணியைத் திருத்துவதாயின் எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போதே திருத்த வேண்டும். குளிர்ந்த எஞ்சினில் செய்யும் திருத்தம் எதுவும் ஒரு மணி நேரத்தில் பொய்யாகிவிடும். திருகாணியை மெல்ல முட்டும் வரை உள்ளே செலுத்தி (இறுக்கினால் அதன் கூர்முனை கெடும்), பின்பு ஒரு சுற்று முதல் ஒன்றரைச் சுற்று வரை வெளியே எடுத்து எஞ்சினைக் கிளப்பிச் சூடேற்றி, சிறு வேகத்தில் ஓட விட்டு, இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பி, ஓட்டம் மிகச் சீராகவும் விரைவாகவும் கேட்கும் இடத்தில் நிறுத்துவது முறை. சில கார்புரேட்டர்களில் இத்திருகாணி எண்ணெயை அளக்கிறது, சிலவற்றில் காற்றை அளக்கிறது. ஆதலால் எப்பக்கம் திருப்பினால் மிகுதி என்பதை எஞ்சினோடு வந்த குறிப்பைப் பார்த்து அறிய வேண்டும். பெரும்பாலான சிறு எஞ்சின்களில் இத்திருகாணி மெதுவோட்டத்தை மட்டுமே ஆள்வது. பம்ப்புப் பாரத்தில் ஓடும்போது கலப்பை நிர்ணயிப்பது பெரிய ஊசித்துளையே. அத்துளை கெட்டிருந்தால் புதியது வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அது சிறு விலைச் சாமான்தான்.

காலைகளில் கேளாத எஞ்சினுக்குக் கலப்பைக் குறை கூறும் முன் வேறு இரண்டைப் பார்த்துவிடுவது நன்று. ஐப்பசி மழையில் நனைந்த மாக்னெட்டோவும் பிளக் கம்பியும் பொறியைக் கசிய விடும். உலர்ந்த துணியே அதற்கு மருந்து. மற்றொன்று காற்றுச் சல்லடை. கரிசல் புழுதி அடைத்த சல்லடை, எப்போதும் பாதி மூடிய சோக்கைப் போல நின்று, யாரும் திருப்பாமலே கலப்பை மிகுதியாக்கிவிடும்.

மிகுதியான எண்ணெய் எங்கே போகிறது என்ற கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. எரியாத துளிகள் ஸிலிண்டர்ச் சுவரில் படிந்துள்ள மசகெண்ணெயைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கீழே உள்ள ஆயில் பெட்டியில் இறங்குகின்றன. பெட்ரோலாயின் சூட்டில் ஓரளவு ஆவியாகிப் போய்விடும். மண்ணெண்ணெய் எளிதில் போகாது, தங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போய், தாங்கிகளும் வளையங்களும் தேய்கின்றன. தேய்ந்த வளையம் நெருக்கத்தைக் கசிய விடுவதால் எஞ்சின் காலையில் இன்னும் கடினமாகக் கிளம்புகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். அளவுகோலை எடுத்துப் பார்க்கும்போது, ஊற்றாமலே ஆயில் மட்டம் உயர்ந்திருந்தாலும், விரலில் தொட்டால் தண்ணீர்போல் வழிந்து மண்ணெண்ணெய் வாடை வீசினாலும், அந்த ஆயிலை உடனே மாற்ற வேண்டும். மட்டம் குறையாமல் இருப்பதை எஞ்சினின் சிறப்பென்று எண்ணி மகிழ்ந்தவர்கள் பின்னர் தாங்கிக்கும் பிஸ்டனுக்கும் செலவழிக்க நேர்கிறது.

இரண்டாவது பதில் உயிரைப் பற்றியது. பம்ப்பு எவ்வளவு நல்லதாயினும், காற்றழுத்தத்தின் இயல்பினால் ஜலத்தைச் சுமார் 34 அடிக்கு மேல் உறிஞ்ச இயலாது. அநுபவத்தில் 20 முதல் 25 அடியே எல்லை. கோடையில் நீர்மட்டம் அதற்குக் கீழே இறங்கும்போது, பம்ப்பையும் எஞ்சினையும் கிணற்றுக்குள் வெட்டிய மேடைக்கு இறக்குவது பல இடங்களில் வழக்கமாயிற்று. காற்றுப் போதாமல் எரியும் மிகுதிக் கலப்பு கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயுவை உண்டாக்கும். சோக் மூடிய நிலையிலும், திருகாணி மிகுதியாகத் தளர்த்தப்பட்ட நிலையிலும் பெட்ரோல் எஞ்சினின் புகையில் இது நூற்றுக்கு 5 பங்குக்கு மேலும் இருக்கக் கூடும். சுவாசிக்கும் காற்றில் ஆயிரத்தில் 3 பங்கு கலந்தாலே அரை மணி நேரத்தில் உயிர் போகலாம். காற்றோட்டமில்லாத கிணற்றில் எஞ்சின் தன் புகையையே திரும்ப உறிஞ்சுகிறது. பிராணவாயு குறையக் குறையக் கலப்பு இன்னும் மிகுதியாகி, விஷம் இன்னும் பெருகுகிறது.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கிணற்றில் இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய பரீட்சை, கரியமில வாயு தேங்கியிருப்பதையும் பிராணவாயு குறைந்திருப்பதையும் காட்டும். மோனாக்ஸைடை அது காட்டாது. ஆளைக் கொல்லும் அளவு இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். விளக்கு அணையவில்லை என்று நம்பி இறங்கியவருக்குத் தலைவலி, மயக்கம், கால் தளர்ச்சி ஆகியவை தோன்றும்போது ஏணி ஏற வலிமை இராது. அவரைத் தூக்க இறங்கும் சகோதரனும் மகனும் அவர் பக்கத்திலேயே விழுவதால்தான் இவ்வித விபத்துக்களில் ஒரே வீட்டில் இரண்டு மூன்று உயிர்கள் போகின்றன. ஆகவே, கிணற்றுக்குள் எஞ்சின் ஓடும்போதும், நின்ற பின் வெகு நேரம் வரையிலும் எவரும் இறங்கலாகாது. எண்ணெய் ஊற்றவோ சோக்கைத் திறக்கவோ இறங்க வேண்டியிருந்தால் அந்த ஏற்பாடே தவறானது. புகைக் குழாயை மட்டும் மேலே நீட்டினால் போதும் என்பாரும் உண்டு. இணைப்புகளில் கசிவு இருந்தால் அது பயனற்றது. நீண்ட ஒடுங்கிய குழாய் புகையைத் தடுத்து எஞ்சினின் ஓட்டத்தையும் கெடுக்கும். எஞ்சினைக் கரையிலேயே நிறுத்தி நீண்ட பெல்ட்டினாலோ தண்டினாலோ கீழுள்ள பம்ப்பை மட்டும் ஓட்டுதல் உத்தமம். விழுந்தவரைக் கண்டால், மேலிருந்தே கயிற்றால் தூக்க வழி பார்த்து, தீயணைப்பு நிலையத்தாரை அழைத்து, வெளிக்காற்றில் கிடத்தி, பிராணவாயு கொடுக்கத்தக்க ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிக் கொண்டு செல்ல வேண்டும்.

பெட்ரோலைப் பற்றி ஒரு புதிய விஷயமும் உண்டு. 2023-ஆம் வருஷம் முதல் நூற்றுக்கு 20 பங்கு எத்தனால் என்னும் சாராயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-க்குள் நாடெங்கும் பரவிற்று. எத்தனால் ஆவியாவதற்கு மிகுந்த உஷ்ணத்தை உட்கொள்வது. தன்னுள்ளேயே பிராணவாயுவையும் உடையது. ஆதலால் பழைய கார்புரேட்டரில் கலப்பு சிறிது வறண்டு, குளிர்ந்த காலையில் சோக் முன்னைவிடச் சற்று நேரம் கூடுதலாகத் தேவைப்படலாம். இதற்காகவும் ஊசித்துளையைக் குடைய வேண்டியதில்லை. இதைவிடக் கவனிக்கத்தக்கது ஈரம். எத்தனால் ஜலத்தை ஈர்ப்பது. ஜலம் ஓரளவுக்கு மேல் சேர்ந்தால் இரண்டும் ஒன்றாகி டாங்கியின் அடியில் பிரிந்து நிற்கும். காலையில் குழாய் முதலில் எடுப்பது அந்த அடிமட்டத்தையே. கிளப்புவதற்கு மட்டும் பயன்படும் சிறு பெட்ரோல் டாங்கியில் மாதக்கணக்கில் தங்கிய பெட்ரோலை நம்பாமல் வடித்துவிட்டு, வேண்டிய அளவு மட்டும் புதிதாக ஊற்றுதல் நலம்.

டீஸல் எஞ்சினில் கார்புரேட்டரும் சோக்கும் பிளக்கும் இல்லை. காற்றை 16-ல் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்குவதால் எழும் 500 டிகிரிக்கு மேற்பட்ட சூடே அங்கே தீ. குளிர்ந்த காலையில் மெதுவாகச் சுற்றினால் அச்சூடு சுவர் வழியாகவும் வளையம் வழியாகவும் கசிந்துவிடும்; ஆகையால் நெருக்கம் விடுவிக்கும் லிவரைத் தூக்கி, சக்கரம் நல்ல வேகம் பெற்ற பின் சட்டென்று விடுவதே வழி. காற்று வாயில் பெட்ரோல் நனைத்த துணியைப் பிடிப்பதும், தீப்பந்தம் காட்டுவதும் பிஸ்டனையும் கையையும் ஒருங்கே கெடுப்பவை.

எஞ்சின் உடைய சங்கங்களின் காரியதரிசிகள் வாடகைப் புத்தகத்தில், ஓடிய மணிக்கும் வாடகைக்கும் பக்கத்தில், ஊற்றிய பெட்ரோல், மண்ணெண்ணெய் அளவுகளையும் தனித்தனியே எழுதி வரலாம். மணிக்கு 1 லிட்டரில் ஓடிய எஞ்சின், அதே பம்ப்பில் அதே ஆழத்தில் 1¼ லிட்டர் குடிக்கத் தொடங்கினால், யாரோ திருகாணியைத் தொட்டிருக்கிறார் அல்லது சல்லடை அடைத்திருக்கிறது. பெட்ரோல் கணக்கு மட்டும் ஏறினால், மாலையில் நிறுத்தும் முறை தவறியிருக்கிறது. இரண்டு வாரக் கணக்கைப் புரட்டினால் எந்த நாளில், எந்த நிலத்தில் இருந்தபோது மாறிற்று என்பதும் தெரிந்துவிடும்.